உட்காரத் தெரியாத மனிதர்

கிள்ளானில் அந்த வீட்டின் மாடி அறையை வாடகைக்குக் கேட்டு நான் முதன்முதலாகப் போன அன்று, கூடத்தில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அறையை எனக்கு முன்னால் வேறு யாரோ பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், ஒருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்தவர். மூன்றாவது, ஏதோ ஒரு தெருவுக்கு வழி கேட்க நின்ற சீனப் பெண்மணி. மூவர் கையிலும் தேநீர்க் கோப்பை. எப்படி உள்ளே வந்தோம் என்பது மூவருக்குமே விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"வாங்கம்மா, வாங்க வாங்க. ஏன் அங்கயே நிக்கிறீங்க? உக்காருங்க. சாப்டீங்களா?"

நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர் கேட்கவே இல்லை. நாலாவது கோப்பை என் கைக்கு வந்துவிட்டது. அறையைப் பற்றிப் பேச்சை எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது.

அவரை நான் அங்கிள் என்று கூப்பிட்டேன். ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் அவர் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்தது மிகக் குறைவு. மற்றவர்களை உட்காரவைப்பதற்காகவே பிறந்தவர். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கேட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வரும் லோரி ஓட்டுநர்களின் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவதுதான் வேலை. அங்கேயும் ஒவ்வொரு ஓட்டுநரையும் பெண் பார்க்க வந்தவர்களைப் போல வரவேற்றார் என்றும், அதனால் சாலை முனைவரை லோரிகள் வரிசை கட்டி நின்றன என்றும் அவருடைய பழைய நண்பர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சர்ச் வாசலில் நிற்பார். வருகிறவர்களுக்கு அன்றைய பாடல் தாளைக் கொடுத்து, கை குலுக்கி, உள்ளே இடம் காட்டுவார். அந்த வேலையை மாதம் ஒருவராக மாற்றிச் செய்யலாம் என்று ஒருமுறை கமிட்டியில் முடிவெடுத்தார்கள். அங்கிள் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வாரமே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் நின்று, கார்க் கதவுகளைத் திறந்து வரவேற்க ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்ற புதியவருக்கு வேலையே இல்லாமல் போனது. இரண்டே வாரத்தில் கமிட்டி தன் முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஆன்டி இதற்கு நேர்மாறு. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் ஓர் ஊசி இருக்கும். "எங்க வீட்ல ஒரு ஓட்டல் மேனேஜர் இருக்காரு. சம்பளம்தான் இல்ல," என்பார். எங்கே போனாலும் தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து அவருக்காக இடம் பிடித்துவைப்பார். பெரும்பாலும் அந்தப் பைதான் கடைசிவரை உட்கார்ந்திருக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். துறைமுக நண்பர் ஒருவருடைய மகனின் கல்யாணம். மண்டபத்தில் அன்று மேல்மாடியில் ஒரு கல்யாணம், கீழே ஒன்று. ஆன்டியும் நானும் மேலே போய் உட்கார்ந்தோம். காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர் தாலி கட்டும்வரை வரவில்லை. சாப்பாடு பரிமாறியும் வரவில்லை. நான் தேடிக்கொண்டு கீழே இறங்கினால், கீழ்மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறார். அது யாருடைய கல்யாணம் என்றே அவருக்குத் தெரியாது. பெண்ணின் அப்பா அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா, பெண் வீட்டார் என்று. இருநூறு பேரையாவது உட்காரவைத்திருப்பார். விஷயம் தெரிந்ததும் பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, போயிடாதீங்க லா. இன்னும் ரெண்டு பஸ்சு வரணும்," என்று கெஞ்சினார். அங்கிள் போகவில்லை. மேலே ஆன்டி கைப்பையோடு சாப்பிட்டு முடித்தார்.

குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்து மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். கட்டிலில் ஆள் இல்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு மலாய்க் குடும்பத்தை எலும்பு முறிவு வார்டுக்கு வழிகாட்டி அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

சிரிப்பதற்கு இப்படி நிறைய இருந்தன. ஆனால் அந்த வீட்டில் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. அவர் சாப்பிடும் விதம். கூடத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டே நடுவில் சமையலறைக்குள் ஓடிவருவார். தட்டைக் கையில் வாங்கி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடுவார். "இரு, வந்துடறேன்," என்பார் ஆன்டியிடம். ஆன்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு தனியாக மேசைக்குப் போவார்.

அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள் வந்தது. ஒரே மகள் ஷீலா கோலாலம்பூரில் வேலை பார்த்தாள். அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று அவள் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஆன்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. ஒங்கப்பா என் பக்கத்துல உக்காந்து ஒரு வேள சாப்புடணும். முழுசா. நடுவுல எந்திரிக்காம."

ஷீலா சிரித்தாள். ஆன்டி தலையைத் தூக்கவில்லை என்பதைக் கவனித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு தடவகூட அப்படி சாப்புட்டதில்லையாம்மா?"

"கல்யாணத்தன்னிக்கே எந்திரிச்சிப் போயிட்டாரும்மா. பந்தியில யாருக்கோ எல கெடைக்கலையாம்."

அப்படித்தான் அந்தத் திட்டம் உருவானது. யாரையும் தெரியாத இடமாக இருக்கவேண்டும். வரவேற்பதற்கென்றே நூறு பேர் சம்பளத்துக்கு இருக்கவேண்டும். அங்கே போனால் அப்பாவுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, வேறு வழியில்லாமல் உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்று ஷீலா கணக்குப் போட்டாள். தெற்கே கடற்கரையோரமாக, அரண்மனை மாதிரியே கட்டிய ஓர் ஆடம்பர ஓட்டலில் இரண்டு இரவுக்கு இரண்டு அறைகள் எடுத்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

போகும் வழியில் ஜெஞ்சாரோமில் காருக்கு எண்ணெய் போட நிறுத்தினோம். அங்கிளைக் காணோம். பார்த்தால், பின்னால் எடுக்கத் திணறிய, செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரிக்கு நடுச்சாலையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் போயி சேந்த பாடில்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரு," என்றார் ஆன்டி. ஆனாலும் அன்று அவர் முகம் தெளிவாக இருந்தது. மயில்கழுத்து நிறத்தில் புதுப் புடவை கட்டியிருந்தார்.

ஓட்டல் வந்ததும் நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தங்க நிறக் குவிமாடங்கள். வாசலில் ஆளுயரக் கல் யானைகள். உள்ளே முகம் பார்க்கலாம் போல வழவழப்பான பளிங்குத் தரை. தூண்களுக்கு நடுவில் நீலமாகக் கடல். சரிகைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து "செலாமாட் டாத்தாங்" என்று அங்கிளை வரவேற்றார்.

அந்த நிமிடம் அங்கிளின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். தன்னை ஒருவர் வரவேற்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பதிலுக்கு அவரும் நெஞ்சில் கை வைத்து, இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் குனிந்தார். தலைப்பாகைக்காரர் மறுபடி குனிந்தார். விட்டிருந்தால் இரண்டு பேரும் தரையைத் தொட்டிருப்பார்கள். அதற்குள் ஒரு பெண் தட்டில் குளிர்ந்த சாறும் ஈரத் துவாலையும் கொண்டுவந்தாள். அங்கிள் நன்றி சொல்லித் தட்டை அவள் கையிலிருந்து அப்படியே வாங்கி, எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

அன்று அவர் போட்டிருந்தது பழுப்பும் தங்கமும் கலந்த பாத்தேக் அச்சுத்துணிச் சட்டை. ஓட்டல் ஆட்கள் போட்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே நிறம். இதை ஷீலாவும் நானும் கவனிப்பதற்குள் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தம்பதி தங்கள் பெட்டிகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவரும் அவர்களை அறைவரை கொண்டுபோய் விட்டு, காலை உணவு எத்தனை மணிக்கு, நீச்சல் குளம் எந்தப் பக்கம் என்றெல்லாம் விளக்கிவிட்டு வந்தார். அவருக்கே அது பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் தெரியும்.

"அப்பா! அதுக்கு இங்க ஆளுங்க இருக்காங்கப்பா!"

"இருக்காங்கம்மா. பாவம், எல்லாம் பிசியா இருக்காங்க."

அன்று மாலை சாப்பாட்டை அறைக்கே வரவழைத்தோம். அறைக்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தோம். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு நேப்பாளக்காரர் வந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சாத்தே இறைச்சிக் குச்சியைக் கையில் பிடித்தபடி, பயந்த கண்களோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆன்டி தன் தட்டோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

மறுநாள்தான் திருமண நாள். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில், கடலைப் பார்த்த ஓரத்தில் ஆன்டி ஒரு மேசையைப் பிடித்துக் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். நாங்கள் இருவரும் வேண்டுமென்றே தள்ளி வேறு மேசையில் உட்கார்ந்தோம். அங்கிள் காபி எடுக்கப் போனார். "இரு, வந்துடறேன்."

சரியாக அந்த நேரம் இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றன. கூடம் நிரம்பி வழிந்தது. முக்காடு போட்ட மேலாளர் அம்மா ஒருவர் கையில் வாக்கி டாக்கியோடு தடுமாறிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். காபிக் கோப்பையை எங்கோ வைத்துவிட்டு அங்கிள் வாசலுக்குப் போய்விட்டார். "ஜெம்புட், ஜெம்புட்! வாங்க வாங்க! நாலு பேரா? இந்தப் பக்கம்!" மேலாளர் அவரை வெளியிலிருந்து வரவழைத்த ஆள் என்று நினைத்து, "பாங், பன்னெண்டாம் மேசையத் தொடைக்கச் சொல்லுங்க," என்று அண்ணன் முறை வைத்து மலாயில் உத்தரவு போட்டார். அங்கிள் பூரித்துப் போனார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு வயதான சீனத் தம்பதி இடம் தேடி நின்றார்கள். அங்கிள் எட்டிப் பார்த்தார். கடல் பக்கம் ஒரு மேசை காலி. அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், "இங்க யாரும் இல்ல, நல்லா காத்து வரும், உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

போட்ட பிறகுதான் மேசையைப் பார்த்தார்.

பாதி சாப்பிட்ட ஒரு தட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு, மேலே நாப்கின் போட்டு மூடியபடி. அதை எடுத்துப் பார்த்தார். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. மிளகாய்ச் சம்பலிலிருந்து நெத்திலி எல்லாம் பொறுக்கி எடுக்கப்பட்டிருந்தது. பல்செட் வைத்த பிறகு அங்கிளால் நெத்திலி மெல்ல முடியாது. நாற்காலியில் கைப்பை இல்லை.

எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா எங்க?"

எங்களுக்கும் தெரியவில்லை. அங்கிள் செய்த வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் நாங்களும் ஆன்டியைக் கவனிக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தும்.

அறையில் இல்லை. கைப்பேசி கட்டிலின் மேல் கிடந்தது. குளத்தடியில் இல்லை. அங்கிள் கடற்கரைக்கு ஓடினார். ஆன்டிக்கு நீச்சல் தெரியாது. மணலில் பாதி தூரம் ஓடி நின்று, அலையையே பார்த்தார்.  மேலாளர் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து, "பாங், யாரத் தேடறீங்க?" என்று கேட்டார். "என் வைஃப். ரூம் நூத்திப் பதினேழு," என்றார் அங்கிள். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க கெஸ்ட்டா?" அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அங்கிள் காதிலேயே வாங்கவில்லை.

வாசல் காவலாளிதான் சொன்னார், நீலப் புடவை கட்டிய அம்மா மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனார்கள் என்று. ஷீலா காரை எடுத்துவர ஓடினாள். அங்கிள் காத்திருக்கவில்லை. நானும் அவர் பின்னாலேயே ஓடினேன்.

சாலையோரப் பஸ் நிறுத்தத்தில், துருப்பிடித்த பெஞ்சில், மடியில் கைப்பையோடு ஆன்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் தென்னைகளுக்கு மேலே தங்கக் குவிமாடங்கள் தெரிந்தன.

"இங்க என்ன பண்ற?" என்றார் அங்கிள். மூச்சு வாங்கியது.

"பஸ்சுக்கு நிக்கிறேன். பந்திங் போயி, அங்கேருந்து கிள்ளான் பஸ் புடிச்சிக்குவேன்."

"கோவமா? ரெண்டு பஸ் ஆளுங்க வந்துட்டாங்க. அந்தப் புள்ள தனியா…"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க போயி பாருங்க."

அங்கிள் அவர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, சம்பந்தமே இல்லாததுபோல, ஒரு பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சிறுபிள்ளையாக பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது, அவர் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்களாம். கேட்டருகே நின்றார்களாம். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொண்டுபோன பரிசைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்களாம். எனக்கு அது அன்றுதான் தெரியும். ஆன்டிக்குத் தெரிந்திருந்தது.

"தெரியும். நாப்பது வருஷமா கேக்குறேன். ஒங்கம்மாவ யாரும் உள்ள கூப்புடல. பாவம்தான். அதுக்காக ஊரு முழுக்க வாங்க வாங்கன்னு சொல்றீங்க. எனக்கு மட்டும் என்ன சொல்றீங்க? இரு, வந்துடறேன். இருந்துகிட்டே இருக்கேங்க. என்னய யாரு உள்ள கூப்புட்டா?"

குரல் உயரவே இல்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்.   

அங்கிள் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். விளிம்பில் அல்ல, நன்றாகப் பின்னால் சாய்ந்து.

பஸ் வந்தது. ஆன்டி எழவில்லை. கை காட்டவும் இல்லை. ஆனாலும் பஸ் நின்றது, உள்ளேயிருந்து ஓர் அம்மா இரண்டு கனத்த பைகளோடு இறங்கினார். அங்கிளின் வலது கை தானாகவே மேலே எழும்பியது. அதை அவரே பார்த்தார். இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆன்டி அதைக் கடைக்கண்ணால் பார்த்தார். அவர் உதடு கொஞ்சம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் போய்விட்டது.

ஷீலா காரோடு வந்து நின்றபோது அங்கிள் எழுந்து பின்கதவைத் திறந்தார். "வாங்க," என்றார் ஆன்டியைப் பார்த்து. நாற்பது வருடமாக நீ, வா, போ என்று பேசியவரிடம்.

"ரொம்பத்தான்," என்றபடி ஆன்டி ஏறினார்.

மாலை ஆறரை மணிக்கு, வெயில் இன்னும் கடலில் கிடக்கும்போதே, அவர்கள் இருவரும் அதே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கிள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாத்தேக் சட்டையை ஷீலா பெட்டியில் பூட்டிவைத்துவிட்டாள். நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். வாசலில் யாராவது தலை காட்டும்போதெல்லாம் அங்கிளின் உடம்பு நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழும்பும். ஆன்டி கையை நீட்டி அவர் மணிக்கட்டின் மேல் வைப்பார். உடம்பு இறங்கிவிடும். சூப்பு முடிவதற்குள் ஒன்பது தடவை எழும்பினார் என்று ஷீலா எண்ணிச் சொன்னாள். மீன் வந்தபோது மூன்று. அதற்குப் பிறகு ஆன்டி கையை எடுக்கவில்லை, அவரும் எழும்பவில்லை. ஒரு மணி நேரம் இருபது நிமிடம். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பெரும்பாலும் ஆன்டிதான் பேசினார்.

அவர் மாறிவிட்டார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சர்ச் வாசலில் அவர்தான் நின்றார். மீட்டர் பார்க்க வருகிறவர் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார். இரண்டு வருடம் கழித்து நான் வேலை மாறி செமினிக்குக் குடிபோன அன்று, என் சாமான் ஏற்ற வந்த லோரிக்காரரை அவர் விடவே இல்லை. கிளம்பப் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆனால் ஓட்டலிலிருந்து திரும்பி வந்த அந்த வாரம், ஒரு மத்தியான நேரம், நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அங்கிள் சமையலறையில் நின்று தட்டை வாங்கினார். கூடத்தில் யாரோ இருந்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தட்டோடு வந்து, ஆன்டிக்குப் பக்கத்தில் மேசையில் உட்கார்ந்தார். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்து, நிறுத்தி, தட்டையே பார்த்தார்.

"இது ரொம்ப நல்லா இருக்கே," என்றார். "எப்ப கத்துக்கிட்ட?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வைக்கிற அதே குழம்புதான். ஆன்டி கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீனை வைத்தார்.

"நேத்துதான்," என்றார்.